1954ஆம் ஆண்டுக் கண்ணாடி

சிசேரியன் செய்த அம்மாமார் நாலு பேர் சேர்ந்து கதைக்கிற இடத்தில் ஒரு வசனம் கட்டாயம் வரும். "முதுகில ஊசி போட்டதில இருந்துதான் இந்த நாரிநோ." பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வயசுக்கு வந்த பிறகும் அந்த ஊசியின் பெயரில் பழி இருக்கும். அம்மாமார் சொல்வது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் முள்ளந்தண்டில் ஏற்றும் விறைப்பு மருந்தின் மேல் உள்ள பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் நடுவில் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியும், ஒரே நாளில் நடந்த இரண்டு சின்ன ஒபரேஷன்களும், ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கின்றன. அந்தத் தீர்ப்பு சட்டம் படிக்கிறவர்களுக்குப் பாடம். எங்களைப்போல வரலாறு படிக்கிறவர்களும் அதை வாசித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறோம்.

முதலில் ஊசியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1898 ஓகஸ்டில் ஜேர்மனியின் கீல் நகரத்தில் ஓகஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், கணுக்காலில் காசநோய் வந்த ஒரு தொழிலாளியின் முள்ளந்தண்டு நீருக்குள் கொஞ்சம் கொக்கெய்ன் கரைசலை ஏற்றினார். இடுப்புக்குக் கீழே விறைத்தது, காலில் ஒபரேஷன் நடந்தது, மனிதர் விழித்தபடியே இருந்தார். அதே மாதம் பியரும் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்டும் தங்களில் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஹில்டபிராண்டின் காலில் சுருட்டால் சுட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பில் சுத்தியலால் அடித்து, நோகுதா என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார் பியர். அது முடிய இரண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டு வைன் குடித்தார்கள், பிறகு பல நாள் தலையிடியில் கிடந்தார்கள். முள்ளந்தண்டு நீர் ஒழுகினால் வரும் தலையிடி அது. இந்த முறையின் சிக்கலை அதைக் கண்டுபிடித்தவர்களே தங்கள் உடம்பில் அனுபவித்தார்கள்.

பிறகு கொக்கெய்ன் போய் வேறு மருந்துகள் வந்தன. அதில் ஒன்று சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனி செய்த நூப்பர்கெய்ன். வேதிப்பெயர் சிங்கொகெய்ன். கனநேரம் விறைக்க வைக்கும், அதனால் வைத்தியர்களுக்குப் பிடிக்கும். சின்னக் கண்ணாடிக் குப்பிகளில், அதாவது அம்பியூல்களில், வரும்.

1947 ஒக்டோபர் 13, திங்கட்கிழமை. டெர்பிஷயரில் உள்ள செஸ்டர்பீல்ட் ரோயல் ஆஸ்பத்திரி. அல்பேர்ட் வூலி, செசில் ரோ என்று இரண்டு பேர். இரண்டு பேரும் உழைத்துச் சாப்பிட்ட தொழிலாளிகள். பிரித்தானியாவின் இலவச சுகாதார சேவை 1948 ஜூலையில்தான் தொடங்கியது, ஆகவே அந்த ஆஸ்பத்திரி அப்போது அரசாங்கத்துடையது இல்லை. கிழமைக்குக் கிழமை சிறு தொகை கட்டி வந்தால் வருத்தம் வரும்போது அனுமதிப்பார்கள். இரண்டு பேரும் அப்படிக் கட்டி வந்தவர்கள். ரோவுக்கு முழங்காலில் குருத்தெலும்புப் பிரச்சினை. வூலிக்கு விதைப்பையில் நீர் கட்டியிருந்தது. இரண்டுமே பெரிய ஒபரேஷன் இல்லை. சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்ற மாதிரியானவை.

டொக்டர் கிரகாம் என்ற மயக்கமருந்து வைத்தியர் இருவருக்கும் முள்ளந்தண்டில் நூப்பர்கெய்ன் போட்டார். ஒபரேஷன்கள் நடந்து முடிந்தன. ஆனால் இரண்டு பேருக்கும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்து போனது. முழங்காலைத் திருத்தப் போனவருக்கு இரண்டு காலுமே இல்லாமல் போன மாதிரி.

ஒருவருக்கு என்றால் விதி, அவருடைய உடம்பின் தன்மை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே வைத்தியரின் கையால் இரண்டு பேருக்கு நடந்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று அந்த ஊசிக்குள் போயிருக்கிறது. என்ன அது?

வழக்கு 1953இல் விசாரணைக்கு வந்தது. இடையில் ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் கைக்கு மாறிவிட்டதால் எதிராளி சுகாதார அமைச்சு. ஆஸ்பத்திரி சார்பில் வந்த நிபுணர் சாதாரண ஆள் இல்லை. ஒக்ஸ்போர்டின் முதலாவது மயக்கமருந்துப் பேராசிரியர் ரொபேர்ட் மக்கின்ரொஷ். (இன்றைக்கும் மயக்கமருந்து வைத்தியர்கள் தொண்டைக்குள் குழாய் விடும்போது பாவிக்கிற வளைந்த கருவிக்கு இவருடைய பெயர்தான்.) அவர் சொன்ன விளக்கம் இதுதான்.

அம்பியூலின் உள்ளே இருக்கும் மருந்து கிருமியற்றது. ஆனால் கண்ணாடியின் வெளிப்பக்கம் அப்படி இல்லை. அதனால் ஒபரேஷனுக்கு முன் அம்பியூல்களை பினோல் கரைசலில் ஊறப்போட்டு வைப்பார்கள். பினோல் என்றால் காபொலிக் அமிலம். 1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் புண்ணில் பூசிக் கிருமிகொல்லி யுகத்தைத் தொடக்கி வைத்த அதே சாமான். பழைய ஆட்கள் "ஆஸ்பத்திரி மணம்" என்று சொல்வதில் ஒரு பங்கு அதுக்கும் உண்டு. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு இருந்தால் அதன் வழியாக பினோல் உள்ளே கசிந்து மருந்தோடு கலக்கும். தோலில் கிருமியைக் கொல்லும் சாமான் முள்ளந்தண்டு நீருக்குள் போனால் நரம்பைக் கொல்லும். பினோலும் தண்ணி மாதிரித்தான் இருக்கும், மருந்தும் தண்ணி மாதிரித்தான் இருக்கும், கலந்தது தெரியவராது. பினோலுக்குக் கடும் நிறம் ஏதாவது சேர்த்து வைத்திருந்தால் கசிவு தெரிந்திருக்கும்.

இங்கேதான் வழக்கின் முடிச்சு. வெடிப்பு இருக்கிறதா என்று கிரகாம் அம்பியூலைப் பார்க்காமல் விடவில்லை. ஆனால் *பார்த்தாலும் தெரியாத* வெடிப்பு ஒன்று இருக்கலாம், அதன் வழியாகக் கசியலாம் என்று 1947இல் அவருக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் இல்லை, அந்தத் தொழிலில் இருந்த சாதாரண, கவனமான எந்த வைத்தியருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்த ஆபத்தை மக்கின்ரொஷ் தன் புத்தகத்தில் எழுதி எல்லோருக்கும் தெரியவைத்தது 1951இல்.

முதல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1954இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் டெனிங். 1947இல் நடந்த விபத்தை 1954ஆம் ஆண்டின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டு பேருக்கும் நேர்ந்ததைப் பார்த்து மனம் இளகாதவர் இருக்கமாட்டார்கள் என்ற மாதிரித்தான் அவர் தொடங்குகிறார். நடக்கும் ஒவ்வொரு தவறுக்கும் வைத்தியர்களைப் பொறுப்பாக்கினால் அவர்கள் நோயாளியின் நன்மையை விட்டுவிட்டுத் தங்கள் பாதுகாப்பைத்தான் யோசிப்பார்கள், மருத்துவமும் முன்னேறாது என்று முடிக்கிறார். வூலிக்கும் ரோவுக்கும் ஒரு சதமும் நட்டஈடு கிடைக்கவில்லை.

நாங்கள் இந்தத் தீர்ப்பைப் பல தடவை வாசித்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் சம்மதமாகவும் மறுபக்கம் வயிற்றெரிச்சலாகவும்தான் இருக்கிறது.

சம்மதம் ஏனென்றால், அவர் சொன்னது வரலாறு படிக்கிறவனுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் பாடம். அந்தக் காலத்து மனிதருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எல்லாரும் கெட்டிக்காரர். பாணந்துறை விவாதத்தையோ டொனமூர் ஆணைக்குழுவையோ பற்றிக் கட்டுரை எழுதும்போது "அப்பவே தெரிஞ்சிருக்க வேணும்" என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவார். டெனிங் அதே வேலையைத்தான் நீதிபதி இருக்கையில் இருந்து செய்தார்.

வயிற்றெரிச்சல் ஏனென்றால், வரலாற்றுக்காரனுடைய தீர்ப்பால் யாருடைய சாப்பாடும் நிற்காது. நீதிமன்றத்தில் "கிரகாம் குற்றவாளியா?" என்று ஒரு கேள்வியும் "இனி நடக்க முடியாத இந்த மனிதரை யார் பார்ப்பது?" என்று இன்னொரு கேள்வியும் இருந்தன. சட்டம் இரண்டையும் ஒரே கேள்வியாகக் கட்டி வைத்திருந்தது. முதலாவதுக்கு "இல்லை" என்று விடை வந்தவுடன் இரண்டாவதைக் கேட்கவே இடமில்லாமல் போய்விட்டது. கிரகாம் குற்றவாளி இல்லை என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதற்கான செலவை ஏன் அந்த இரண்டு தொழிலாளிகளும் கட்டவேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்க முடியும் என்பதற்குப் பிறகு உதாரணம் வந்தது. நியூசிலாந்தில் 1974 ஏப்ரலில் விபத்து நட்டஈட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. யார் பிழை என்று நிரூபிக்காமலே விபத்தில் காயப்பட்டவருக்கு உதவி, வழக்குப் போடும் உரிமைக்குப் பதிலாக. மருத்துவத்தால் வந்த காயங்களும் அதற்குள் வந்தன. அதிலும் குறைகள் உண்டு, எது "மருத்துவ விபத்து" எது நோயின் இயல்பு என்று இழுபறி உண்டு. ஆனாலும் வைத்தியரைக் கூண்டில் ஏற்றினால்தான் நோயாளிக்குச் சோறு என்ற நிலை அங்கே இல்லை. ஒரு சின்னத் தகவல்: மக்கின்ரொஷ் பிறந்ததும் நியூசிலாந்தில்தான், திமாரு என்ற ஊரில்.

சரி, மருந்தின் கதைக்குத் திரும்புவோம். வழக்கு பத்திரிகைகளில் வந்தது. முதுகில் ஊசி போட்டால் கால் போய்விடும் என்ற பயம் நோயாளிகளுக்கும் வந்தது, வைத்தியர்களுக்கும் வந்தது. அமெரிக்காவில் 1950இலேயே பொஸ்டர் கென்னடி என்ற நரம்பியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் முள்ளந்தண்டு விறைப்பால் வந்த முடக்கங்களைப் பற்றி ஒரு கடும் கட்டுரை எழுதியிருந்தார்கள். பிரித்தானியாவில் இந்த முறை பல வருடங்களுக்கு ஏறக்குறைய ஒதுக்கி வைக்கப்பட்டது. வழக்கு ஒன்றினால்தான் அப்படி நடந்தது என்று எழுதினால் கதை சுவையாக இருக்கும், ஆனால் அது முழு உண்மை இல்லை. 1942இல் மொன்றியலில் கியூராரே என்ற தசைதளர்த்தி ஒபரேஷனுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு முழு மயக்கம் கொடுப்பதே வசதியாகிவிட்டது. முதுகு ஊசியை விட்டுவிட வைத்தியர்களுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது, வழக்கு இன்னொன்றைக் கொடுத்தது.

இந்த ஒதுக்கலுக்கும் ஒரு விலை இருந்தது, அதைக் கணக்குப் பார்க்க ஆட்கள் குறைவு. பிரசவத்துக்கு வரும் தாய்க்கு முழு மயக்கம் கொடுத்தால் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. நியூயோர்க்கில் மென்டல்சன் என்ற வைத்தியர் 1946இலேயே அதை விளக்கி எழுதிவிட்டார். முதுகில் ஊசி போட்டால் தாய் விழித்திருப்பார், அந்த ஆபத்து மிகவும் குறையும். அதனால்தான் இன்றைக்கு இலங்கையிலும் மற்ற நாடுகளிலும் சிசேரியனுக்கு அதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். முடங்கிப் போன இரண்டு பேரின் பெயர் எங்களுக்குத் தெரியும். பயத்தினால் வேறு மயக்கம் கொடுக்கப்பட்டுச் செத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்று எந்த வழக்கும் சொல்லாது.

அதே 1954இல், டெனிங் தீர்ப்பு எழுதிய வருடத்திலேயே, அமெரிக்காவில் ட்ரிப்ஸ், வான்டம் என்ற இரண்டு வைத்தியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 10,098 முள்ளந்தண்டு விறைப்புகள். ஊசி போட்டதோடு விடாமல் அந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து, தேடி, கேட்டுப் பார்த்தார்கள். பெரிய நிரந்தர நரம்புச் சேதம் எதையும் காணவில்லை. கவனமாகச் செய்தால் இந்த முறை பாதுகாப்பானது என்பதற்கு அது பலமான சான்று. ஆனால் பத்தாயிரம் பேர் சுகமாக நடந்துபோனது செய்தி ஆகாது. இரண்டு பேர் சக்கர நாற்காலியில் வந்தது செய்தி. முகநூல் காலத்தில் இருக்கிற எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அதற்காக மருந்தின் மேல் சந்தேகமே வேண்டாம் என்றும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் குளோரோபுரோகெய்ன் என்ற மருந்து தவறுதலாக முள்ளந்தண்டு நீருக்குள் பெருமளவில் போன சிலருக்கு நரம்புச் சேதம் வந்தது. அந்தக் கரைசலின் அமிலத்தன்மையிலும், அது கெடாமல் இருக்கச் சேர்த்த பைசல்பைற்றிலும் சந்தேகம் விழுந்தது. 1991இல் இன்னொன்று. மயிர்போல மெல்லிய குழாயை முதுகில் வைத்து 5 வீத லிடோகெய்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிய சில நோயாளிகளுக்கு முள்ளந்தண்டின் அடியில் குதிரைவால்போலத் தொங்கும் நரம்புக் கற்றை பாதிக்கப்பட்டது. சிறுநீர், மலம் அடக்க முடியாத நிலை, தொடையிடுக்கில் உணர்வின்மை. குழாய் மெல்லியதாக இருந்ததால் மருந்து மெதுவாக வந்து, பரவாமல், ஒரே இடத்தில் தேங்கி நின்றிருக்கிறது. பல வருடமாக "பாதுகாப்பு" என்று பெயரெடுத்த லிடோகெய்ன்தான், ஆனால் அதே மருந்து அடர்த்தியாக ஒரே நரம்பில் கனநேரம் நின்றால் நஞ்சு. 1992இல் அமெரிக்க அரசாங்கம் அந்த மெல்லிய குழாய்களைச் சந்தையில் இருந்து எடுப்பித்தது. இங்கே கசிவும் இல்லை, வெடிப்பும் இல்லை. மருந்தும் அதை ஏற்றிய விதமும்தான்.

இப்போது செஸ்டர்பீல்டுக்குத் திரும்பப் போகவேண்டும். ஏனென்றால் கதை 1954இல் முடியவில்லை.

1990இல் ஹட்டர் என்ற பிரித்தானிய மயக்கமருந்து வைத்தியர் இந்த வழக்கைத் திரும்பக் கிண்டினார். பினோல் விளக்கம் பொருந்தவில்லை என்றார் அவர். ஒரே நாளில் எடுத்த இரண்டு வெவ்வேறு அம்பியூல்களிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, இரண்டிலும் நரம்பைக் கொல்லும் அளவு கசிவு என்பது நம்பக் கஷ்டமான தற்செயல். நோயாளிகளுக்கு வந்த அறிகுறிகளும் பினோலுக்குரியவை மாதிரி இல்லை. இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. ஏனென்றால் 1955இல், தீர்ப்பு வந்து அடுத்த வருடமே, மாகர் என்ற வைத்தியர் புற்றுநோய் முற்றியவர்களின் நோவைக் குறைக்க பினோலைக் கிளிசரினில் கலந்து *வேண்டுமென்றே* முள்ளந்தண்டுக்குள் ஏற்றத் தொடங்கினார். ஆகவே பினோல் முதுகுக்குள் போனால் என்ன செய்யும் என்பது பிறகு நன்றாகவே தெரியவந்தது.

அப்படியென்றால் என்ன நடந்தது? ஹட்டர் சந்தேகப்பட்டது அம்பியூலை இல்லை, கொதிநீர்ப் பாத்திரத்தை. அந்தக் காலத்தில் ஊசியையும் சிரிஞ்சையும் தண்ணியில் கொதிக்கவைத்துத்தான் கிருமி நீக்குவார்கள். யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைக்கிற வீட்டில் கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்கு விளங்கும், வெள்ளையாக, கல்லுமாதிரிப் படிந்திருக்கும். ஆஸ்பத்திரிப் பாத்திரத்திலும் அப்படிப் படியும். அதைக் கரைக்க அமிலம் ஊற்றுவார்கள். அந்த அமிலத்தை முழுக்க ஊற்றிக் கழுவாமல் அடுத்த நாள் அதே பாத்திரத்தில் ஊசியையும் சிரிஞ்சையும் போட்டுக் கொதிக்கவைத்தால்? சிரிஞ்சுக்குள் தங்கிய அமிலம் மருந்தோடு முதுகுக்குள் போகும். ஒரே பாத்திரம், ஒரே நாள், இரண்டு பேர். இந்த விளக்கத்தில் அந்தத் தற்செயல் தேவைப்படுவதில்லை.

43 வருடத்துக்குப் பிறகு வந்த விளக்கம் அது, அதை ஒரு ஊகமாகத்தான் எடுக்கவேண்டும். ஆனால் எங்களுக்கு அது பினோலைவிட நம்பக்கூடியதாகப் படுகிறது. அது சரியென்றால் வழக்கின் அடித்தளமே ஆடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு 1947இல் யாருக்கும் தெரியாத ஆபத்து, சரி. அமிலம் ஊற்றிய பாத்திரத்தைக் கழுவவேண்டும் என்பது 1947இல் தெரியாத ஒன்றா? அதற்கு 1954ஆம் ஆண்டுக் கண்ணாடி ஏதும் தேவையில்லை. அந்த நாளின் சாதாரணக் கவனமே போதும். அந்த வாதம் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டிருந்தால் வூலியும் ரோவும் வென்றிருக்கக்கூடும்.

குற்றம் யாரோ ஒரு தாதியின் தலையில் விழுந்திருக்கும் என்றும் யோசித்தோம். அதுவும் எங்களுக்குச் சந்தோஷமான முடிவு இல்லை. ஆனால் சட்டப்படி ஆஸ்பத்திரிதான் தன் ஊழியர்களுக்குப் பொறுப்பு, நட்டஈடு கட்டவேண்டியதும் அதுவே.

நீதிமன்றத்தில் இருந்த எல்லாரும் ஒரு பெரிய பேராசிரியரின் தெளிவான விளக்கத்தைக் கேட்டார்கள். தெளிவாக இருந்தபடியால் அதை ஏற்றார்கள். வெடிப்புள்ள கண்ணாடிக் குப்பி என்பது கேட்டவுடன் மனதில் படம் வருகிற விளக்கம். அடுக்களை வேலைமாதிரியான ஒரு கழுவும் வேலை எப்படி நடந்தது என்று யாரும் தேடிப் போகவில்லை. ஆவணங்களில் கிடைக்காதவற்றில் பாதி இப்படியான வேலைகள்தான் என்பது எங்கள் பாடத்திலும் உண்மை.

அம்பியூல்களை பினோலில் ஊறப்போடும் வழக்கம் கைவிடப்பட்டு, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்குவது வந்தது. ஒருமுறை பாவித்து எறியும் ஊசியும் சிரிஞ்சும் வந்தபிறகு கொதிநீர்ப் பாத்திரமும் ஒபரேஷன் அறையை விட்டுப் போய்விட்டது. ஆகவே குற்றவாளி பினோலோ அமிலமோ, இரண்டு வழியும் இன்றைக்கு அடைபட்டிருக்கிறது. சட்டப் புத்தகங்களில் வழக்கு ரோவின் பெயரில்தான் அறியப்படுகிறது. ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் கவனயீனம் பற்றிய பாடத்தில் அதைப் படிப்பிக்கிறார்கள், பினோல் கசிந்தது என்றுதான். ஹட்டரின் கட்டுரை மயக்கமருந்துச் சஞ்சிகையில் இருக்கிறது.